பட்டியலில் விடுபட்ட முதலாம் பிள்ளை

அத்தியாயம் ஏழு

நல்லூரில் ரியூட்டரி எனப்படும் தனியார் வகுப்பு நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. ஒழுங்கை மாறி உள்ளே நுழைகிறவன் மறுமுனையால் வெளியே வரும்போது பௌதிகவியலில் ஒரு அலகை முடித்திருப்பான் என்பது றிஸ்வானின் கணக்கு. அப்படியொரு ஒழுங்கையில்தான் 'ஏணி கல்வியகம்' இருந்தது. அதற்கு நேரெதிரே, வேண்டுமென்றே ஒரு மாடி கூடுதலாகக் கட்டிக்கொண்டு, 'சிகரம் கல்வியகம்' நின்றது. இரண்டு வாசலிலும் ஆளுயரப் பதாகைகள். போன வருடம் மாவட்டத்தில் முதலாவதாக வந்த பிள்ளை இரண்டிலும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏணியில் பள்ளிச் சீருடை, சிகரத்தில் பட்டுச் சேலை.

"இந்த ஒழுங்கையைக் கடக்கிறதுக்குள்ளை பிள்ளை பெரிசாகியிட்டுது அண்ணை," என்றான் றிஸ்வான், ஸ்கூட்டரை நிழலில் சாய்த்தபடி.

பின்னாலிருந்து இறங்கிய ஜொனதன் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதற்குச் சம்பளம் வாங்குவதில்லை. நாற்பது வயது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் விழித்திருக்கும் போன். யாழ்ப்பாணத்தில் தனியார் துப்பறிவாளர் என்று பெயர்ப்பலகை போட்ட ஒரே மனிதர். கனடா மாப்பிள்ளை உண்மையிலேயே கனடாவில்தான் இருக்கிறாரா என்று கண்டுபிடிப்பது அவருடைய பிரதான தொழில். மிச்ச நேரத்தில் கொம்பியூட்டருக்கு வைரஸ் பிடிப்பார், கமரா பொருத்துவார், மெதடிஸ்த தேவாலயத்தில் பாடுவார்.

றிஸ்வான் பிறந்தது புத்தளத்தில். உம்மா சிறுவயதில் விட்டுப்போக நேர்ந்த யாழ்ப்பாணத்துக்கு அவன் இருபத்திரண்டு வயதில் 'திரும்பி' வந்தான், ஒருநாளும் பார்த்திராத ஊருக்கு. டேற்றாபேஸ் டிப்ளோமாவோடு அவன் ஏறி இறங்கிய வாசல்களில் எல்லோரும் தேத்தண்ணி தந்தார்கள், வேலை தரவில்லை. ஜொனதன் மட்டும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு "இரு" என்றார். வீட்டுக்காரர் வாடகைக்குத் தரத் தயங்கியபோது "பொடியனுக்கு நான் பொறுப்பு" என்று சொன்னதும் அவர்தான். அதனால் றிஸ்வான் உலகத்தில் எல்லோரையும் பகிடி பண்ணுவான், ஜொனதன் அண்ணையை மட்டும் கொஞ்சம் குறைத்துப் பண்ணுவான்.

மேல்மாடி அறையில் ஏணியின் உரிமையாளர் நோர்மன் சேர் மின்விசிறிக்கு நேர் கீழே வியர்த்துக்கொண்டிருந்தார்.

"மாதச் சோதினை வைக்கிறம். மார்க்ஸ் ஏத்துறம். கொம்பியூட்டர் அடுக்கி லிஸ்ற் தருது. பங்குனியிலையிருந்து அந்த லிஸ்ற்றிலை முதலாம் பிள்ளையைக் காணேல்லை! ரண்டாம் பிள்ளைதான் முதலாம் பிள்ளை எண்டு நிக்குது. நேற்று லூர்த்தம்மா வந்து வாசலிலை நிண்டு சத்தம் போட்டவ. அவவின்ரை மகளுக்குத் தொண்ணூற்றேழு. எங்கடை லிஸ்ற்றிலை அப்பிடியொரு பிள்ளை பிறக்கவேயில்லை."

"பெத்தவவே வந்து சொன்னாப் பிறகு நம்பத்தான் வேணும் சேர்," என்றான் றிஸ்வான்.

"நாங்கள் தேடி முடிக்க முதல் சிகரம் முதலாளி றயன் அந்தப் பிள்ளையின்ரை வீட்டிலை கேக்கோடை நிக்கிறான். 'எங்களிட்டை வாங்கோ, ஒரு சதம் வேண்டாம்' எண்டு. எங்களுக்கே தெரியாத முதலாம் பிள்ளை அவனுக்கு எப்பிடித் தெரியும்?" நோர்மன் மேசையில் தட்டினார். "சாருஜாதான். புரோகிராம் பாக்கிற பிள்ளை. பேரை ஒளிச்சு அங்கை குடுக்கிறாள்."

ஜொனதன் மெல்லத் தலையாட்டினார். "பங்குனியிலைதானே அவள் புரோகிராமை மாத்தினவள்? பிறகென்ன."

"ஒரு தொழில்நுட்பக் காரணம் மட்டும் சொல்லுங்கோ ஜொனதன். பின்னேரம் வேலையாலை நிப்பாட்டுறன். காலமையே ரண்டு மூண்டு இடத்துக்குப் போன் அடிச்சுச் சொல்லிப்போட்டன், உந்தப் பிள்ளையை எடுக்காதேங்கோ எண்டு."

யாழ்ப்பாணத்தில் ரியூட்டரிக்காரர் ஒருவர் இரண்டு மூன்று இடத்துக்குப் போன் அடித்தால் பொழுதுபட முதல் அது தீவகம் வரை போய்விடும். சாருஜாவுக்கு இனி மிஞ்சுவது கொழும்பு பஸ்தான்.

"றிஸ்வான், நீ போய் அவளோடை கதை," என்றார் ஜொனதன். "கனக்கக் கிண்டாதை. அவள் மாத்தினதெண்டு ஒரு வசனம் வந்தால் காணும்."

*

கொம்பியூட்டர் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. சாருஜாவுக்கு இருபத்துநாலு வயது இருக்கும். நீர்வேலியிலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறவள். அழுது முடித்து, முகம் கழுவி, இப்போது கோபத்தில் இருந்தாள்.

"நீர்தான் கள்ளியோ?"

"ஓம். நீர்தான் பொலிசோ?"

"இல்லை, பொலிசுக்குக் கதிரை குடுப்பினம். எனக்கு ஒருத்தரும் தரேல்லை."

அவள் காலால் ஒரு வாங்கைத் தள்ளிவிட்டாள். அவன் இருந்தான்.

"என்ன மாத்தினீர்? சுருக்கமாச் சொல்லும், எங்கடை அண்ணைக்கு ஒரு வசனம்தான் வேணுமாம்."

"ஒரு வசனத்திலை சொல்லுறதெண்டா, போட்டோக்கொப்பியை நிப்பாட்டினன்." அவள் திரையைத் திருப்பினாள். "டேற்றாபேசுக்குள்ளை மூண்டு பங்ஷன், எண்டா மூண்டு குட்டிப் புரோகிராம் இருக்கு. முதலாவது எல்லாற்றை மார்க்ஸையும் எடுத்து, கூடினது மேலை வரத்தக்கதா அடுக்கும். ரண்டாவது அதைச் சரிபாக்கும். மூண்டாவது லிஸ்ற் அடிக்கும். நான் வரேக்கை இவை எப்பிடிக் கைமாத்தினவை தெரியுமோ? ஆயிரக்கணக்கான பிள்ளையளின்ரை மார்க்ஸை முழுசாக் கொப்பி அடிச்சு அடுத்தவரிட்டைக் குடுக்கிறது. அவருக்கொரு கொப்பி, இவருக்கொரு கொப்பி. சோதினை முடிவு நாளிலை மிசின் மூச்சுமுட்டு வந்த ஆள் மாதிரி இழுக்கும்."

"நீர்?"

"ஒரே கட்டுத்தான். கேர்சர் எண்டு சொல்லுறது. கட்டைக் கையிலை வைச்சபடி முதலாவது பங்ஷன் ரண்டாவதிட்டை நீட்டும், ரண்டாவது மூண்டாவதிட்டை நீட்டும். படியெடுக்கிறதே இல்லை. அரை நாள் இழுத்த வேலை தேத்தண்ணி ஆற முதல் முடிஞ்சுது. சேர் எனக்குக் கைதந்தவர். அதே கையாலைதான் இண்டைக்கு வெளியைக் காட்டினவர்."

"முதலாம் பிள்ளை காணாதெண்டு ஆர் கண்டுபிடிச்சது?"

"நான்தான். நானே போய்ச் சொன்னனான்."

இந்த ஊரில் செய்யக்கூடாத பிழை அதுதான் என்று றிஸ்வான் நினைத்தான். ஓட்டையைக் காட்டுகிறவரின் கையில்தான் முதலில் துளைகருவி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

"ரண்டாவது பங்ஷனைத் திறவும் பாப்பம்."

"ஏலாது. பூட்டியிருக்கு. உள்ளுக்கு என்ன எழுதியிருக்கெண்டு ஒருத்தரும் பாக்கேலாது. ஆர் எழுதினதெண்டும் தெரியாது. 'வேலை செய்யுது, தொடாதை' எண்டு சேர் சொன்னவர். எதை நீட்டினாலும் வாங்கும். 'சரி' எண்டு சொல்லிப்போட்டு அடுத்தவரிட்டைக் குடுக்கும். அதுதான் அதின்ரை உத்தியோகம்."

"கந்தோரிலை கனபேருக்கு உதுதான் உத்தியோகம்," என்றான் அவன். சொல்லி முடித்த பிறகுதான் அதன் பொருள் அவனுக்கே உறைத்தது.

மேசையில் ரியூட் எனப்படும் பாடக்குறிப்புத் தாள்கள் கட்டாகக் கிடந்தன. அதில் மேல் தாளை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் செருகினான். மிச்சக் கட்டை சாருஜாவிடம் நீட்டினான்.

"இப்ப உமக்கு முதலாவதா எது கிடைச்சது?"

"ரண்டாவது தாள்." அவளுடைய கண்கள் விரிந்தன. "ஐயோ."

"கொப்பி குடுத்த காலத்திலை உந்த ரண்டாவது பங்ஷன்காரன் தன்ரை கொப்பியிலை மேல் தாளை எடுத்துப் பேரை வெளியிலை ஆருக்கோ அனுப்பியிருப்பான். ஒருத்தருக்கும் நட்டமில்லை, அடுத்தவருக்கு வேறை கொப்பி. நீர் ஒரே கட்டை நீட்டத் தொடங்கினீர். உவன் பழைய பழக்கத்திலை மேல் தாளை எடுக்கிறான். அடுத்தவரிட்டைப் போகேக்கை கட்டு ரண்டாம் பிள்ளையிலை தொடங்குது. நீர் முதலாம் பிள்ளையைக் களவெடுக்கேல்லை. களவெடுத்தவன்ரை கையை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்திருக்கிறீர்."

"றயன் பிள்ளையளைக் கூப்பிடத் தொடங்கினது போன வருசம் ஆவணியிலை," என்றாள் அவள், அவசரமாக. "நான் வேலைக்கு வந்ததே தையிலை. இதை ஏன் ஒருத்தரும் யோசிக்கேல்லை?"

"யோசிக்கிறதுக்கு ஆள் பிடிச்சிருக்கினம். அதுதான் நாங்கள்."

*

ஜொனதன் படிக்கட்டின் நடுவில் நின்று சிகரத்தின் பதாகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். றிஸ்வான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். அண்ணை முதுகில் தட்டுவார் என்று எதிர்பார்த்தான். தட்டினார்தான். ஆனால் கையில் பாரம் இருந்தது.

"கெட்டிக்காரன். ஆனா உதை நோர்மனிட்டைச் சொல்லாதை."

"ஏன் அண்ணை?"

"அந்தாளுக்கு விளங்காது. தலையிடிதான் கூடும். இப்போதைக்கு அந்தப் பிள்ளையை அனுப்பட்டும். பாஸ்வேட்டை நான் வாங்கிறன். பிறகு நாங்கள் ஆறுதலா அந்தப் பங்ஷனைக் கழட்டிப் பாப்பம்."

"அவள் செய்யேல்லை எண்டு தெரிஞ்ச பிறகுமோ?"

"சின்னப்பிள்ளை. கொழும்பிலை வேலை எடுப்பாள்." அவர் சட்டையை இழுத்துச் சரிசெய்தார். "உனக்கு நான் எப்பவாவது பிழையாச் சொல்லியிருக்கிறனோ?"

இல்லை. ஒருநாளும் இல்லை. அதில்தான் றிஸ்வானுக்குப் படியிறங்கும்போது கால் தடுக்கியது.

சாருஜா திரையில் எதையோ மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தாள். "வாரும், வாரும். ஒரு வேடிக்கை. பங்குனிக்குப் பிறகும் சில லிஸ்ற் முழுசா வந்திருக்கு. முதலாம் பிள்ளை பத்திரமா இருக்கு. எப்ப ஓட்டினதெண்டு பாத்தன். ஞாயிறு காலமையிலை ஓட்டினது ஒண்டும் பழுதில்லை. புதன் பின்னேரம் ஓட்டினதும் பழுதில்லை. மற்ற நாளெல்லாம் மேல் தாள் போகுது."

"அப்ப கள்ளனுக்கு லீவு நாள் இருக்கு."

"ஓம். ஞாயிறு காலமை ஏன் களவெடுக்கிறேல்லை?"

"தேவாலயத்துக்குப் போறானாக்கும்," என்று றிஸ்வான் சிரித்தான். "பக்தியான பங்ஷன். புதன் பின்னேரம்…"

சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது.

புதன் பின்னேரங்களில் அவன் எங்கே இருப்பான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தேவாலய மதிலோரம், ஸ்கூட்டரில், கடலை கொறித்துக்கொண்டு. உள்ளே பாடகர் குழு ஒத்திகை. முன்னொரு நாள் பாட்டின் நடுவே அண்ணையின் போன் அலற, மியூரியல் ரீச்சர் ஓர்கனை நிறுத்திவிட்டுக் கேட்ட கேள்வி மதில் தாண்டி அவன் காதுவரை வந்தது. அண்ணை போனின் வாயை அடைக்கிற ஆள் இல்லை. போன் எடுக்கிறவர்களின் வாயை அடைக்கிற ஆள். அன்றிரவே வாடிக்கையாளர் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்: ஞாயிறு காலமையும் புதன் பின்னேரமும் எனக்கு அடிக்கக்கூடாது. மனைவிக்குக்கூட அதுதான் சட்டம்.

அந்தப் பங்ஷனுக்கும் அதையே சொல்லிவைத்திருப்பாரோ?

நோர்மன் சேரும் ஞாயிறு தேவாலயத்துக்குப் போகிறவர்தான். ஆனால் அவர் பாடுவதில்லை. பாட வேண்டாம் என்று மியூரியல் ரீச்சரே அன்பாகக் கேட்டுக்கொண்டதுண்டு. பாடகர் குழுவில் இருந்துகொண்டு, இந்த மிசினுக்கு வருடக்கணக்காக வைரஸ் பிடித்துவரும் மனிதர் ஒருவர்தான்.

"என்ன, முகம் வெளிறிப்போச்சு?"

"ஒண்டுமில்லை. எனக்கொரு பொய்ச் சோதினை வேணும்."

"என்ன பாடம்?"

"எதெண்டாலும் பரவாயில்லை. ஒரு பத்துப் பிள்ளையளைப் போடும். இல்லாத பிள்ளையளாப் பாத்துப் போடும். முதலாம் பிள்ளைக்கு நூற்றுக்கு நூறு." அவன் கொஞ்சம் யோசித்தான். "பேர் றிஸ்வான்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, ஒன்றும் கேட்காமல், தட்டச்சு செய்தாள்.

*

நோர்மன் சேரின் அறையில் நாலுபேர் நிற்க இடமிருந்தது, மூச்சுவிட இடமில்லை. ஜொனதன் கதிரையில் சாய்ந்திருந்தார். சாருஜா மடிக்கணினியை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"சேர், ஒருக்கா ஓட்டிக் காட்டுறன்," என்றான் றிஸ்வான். "சின்னச் சோதினை."

"தேவையில்லை," என்றார் ஜொனதன். "நான் நோர்மனுக்கு எல்லாம் விளங்கப்படுத்தியிட்டன்."

"ஒரு நிமிசம் அண்ணை."

"றிஸ்வான். மடிக்கணினியை மூடு."

இதுவரை அண்ணை அவனிடம் அந்தக் குரலில் கதைத்ததில்லை. கனடா மாப்பிள்ளைமாரிடம் மட்டுமே அந்தக் குரல். அவன் விரல் விசைக்கு மேலே நின்றது. யா அல்லாஹ், அண்ணையின் போன் அடிக்கக்கூடாது. அடிக்காவிட்டால் நான் முட்டாள். ஊரெல்லாம் சிரிக்கட்டும், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அடிக்கக்கூடாது.

தட்டினான்.

திரையில் பட்டியல் வந்தது. ஒன்பது பெயர்கள். முதலாம் பிள்ளை இல்லை.

ஜொனதனின் சட்டைப் பையில் போன் ஒருமுறை கீச்சிட்டது.

ஜொனதன் பையை உள்ளங்கையால் பொத்தினார்.

"எடுத்துப் பாருங்கோவன்," என்றார் நோர்மன், ஒன்றும் விளங்காமல். "அவசரமா இருக்கும்."

"பிறகு பாக்கிறன்."

"இப்ப பாருங்கோ அண்ணை," என்றான் றிஸ்வான். அவனுடைய குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "முதலாம் பிள்ளை ஆரெண்டு சேருக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. அப்பிடியொரு பிள்ளை இந்த உலகத்திலை இல்லை. அரை மணித்தியாலத்துக்கு முந்தி நானும் சாருஜாவும் பெத்தது. அதின்ரை பேர் உங்கடை போனிலை இருந்தால், அது எந்த வழியாலை வந்ததெண்டு சேரே விளங்கிக்கொள்ளுவார்."

நோர்மன் எழுந்து வந்து கையை நீட்டினார். ஜொனதன் கொடுக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. கடைசியில் போனைக் கொடுத்தார், தபாற்காரரிடம் கடிதம் கொடுக்கிறவரைப்போல, முகத்தில் ஒன்றுமே இல்லாமல்.

நோர்மன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார். "றிஸ்வான். நூறு."

"பத்தாம் வகுப்பிலைகூட நான் இருபதுக்குள்ளை வரேல்லை சேர்," என்றான் றிஸ்வான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் இல்லை.

"ஜொனதன், நீங்கள் என்ரை மகளுக்கு ஞானத்தந்தை," என்றார் நோர்மன், மிக மெதுவாக.

ஜொனதன் அவரைப் பார்க்கவில்லை. றிஸ்வானைத்தான் பார்த்தார். "ஒரு பேர்தானேடா. முழு லிஸ்ற்றையும் எடுத்தனானோ? மாதத்துக்கு ஒரு பேர். றயன் அதுக்குக் காசு தந்தான். காணேல்லை எண்டு இந்தாள் என்னைக் கூப்பிட்டுத் தேடச்சொல்லி, அதுக்கும் தந்தார். ஆரும் சாகேல்லை."

"சாருஜா?"

"அவள் சும்மா இருந்த புரோகிராமைக் கெதியாக்கினாள். ஆர் கேட்டது?" குரல் முதன்முறையாக உடைந்தது. "மாப்பிள்ளை விசாரிக்கிற காசிலை ரண்டு பேர் சீவிக்கேலுமோ? உன்ரை சம்பளம் எங்கையிருந்து வந்ததெண்டு நினைச்சாய்? உன்னை வைச்சிருக்கத்தான் இவ்வளவும்."

றிஸ்வானுக்கு அடி விழுந்த இடம் அதுதான். உம்மாவுக்கு வாங்கிய மூக்குக்கண்ணாடி, வீட்டு வாடகை, நோன்புப் பெருநாளுக்கு எடுத்த சேர்ட், எல்லாவற்றிலும் யாரோ ஒரு முதலாம் பிள்ளையின் பெயர் எழுதியிருந்ததுபோல் தோன்றியது. நன்றி என்று நாலு வருடமாக அவன் சுமந்து திரிந்தது, அண்ணையின் களவுக்கு ஒரு காரணமாம்.

"என்னைக் கேட்டிருக்கலாம் அண்ணை," என்றான். "நான் பட்டினி கிடக்கப் பழகின ஆள். கள்ளனுக்கு ஸ்கூட்டர் ஓடப் பழகேல்லை."

சாருஜா இதற்குள் நோர்மனின் மேசைப் போனை எடுத்து அவர் பக்கம் தள்ளி வைத்திருந்தாள்.

"சேர், காலமை சொன்ன இடங்களுக்கு நீங்களே திருப்பிச் சொல்லோணும்."

"நாளைக்கு ஆறுதலாச் சொல்லுறன் பிள்ளை. இப்ப எனக்கு…"

"காலமை ஆறுதலாச் சொன்னனீங்களோ?"

நோர்மன் எண்களை அழுத்தினார். "ஹலோ… ஓம், ஏணி நோர்மன்தான். அந்தச் சாருஜா விசயம்… பிழை. என்னிலைதான் பிழை." வைத்தார். சாருஜா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உரும்பிராய் கம்பனிக்கும் சொன்னனீங்கள் சேர்."

அவர் மறுபடியும் அழுத்தினார்.

ஜொனதன் கதவடிக்குப் போயிருந்தார். அங்கே நின்று, பழக்கத்தில், பின்னால் திரும்பாமலே சொன்னார்: "வா, போவம். வெயில் தாழ்ந்திட்டுது."

அந்தக் குரலில் ஒன்றும் மாறியிருக்கவில்லை. எத்தனையோ பின்னேரங்களில் கேட்ட அதே குரல். றிஸ்வானின் கால்கள் தன் பாட்டுக்கு ஒரு அடி வைத்துவிட்டன. அதுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

நின்றான். பையிலிருந்து ஸ்கூட்டர் திறப்பை எடுத்து, கதவு நிலையில் அண்ணையின் கைக்கு எட்டக்கூடிய இடத்தில் வைத்தான்.

"நான் இங்கை நிக்கிறன். அந்தப் பங்ஷனைக் கழட்ட ரண்டு பேர் வேணும்."

ஜொனதன் திறப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அறைக்குள் நோர்மன் மூன்றாவது ஆளிடம் "பிழை, பிழை" என்று கத்திக்கொண்டிருந்தார், மறுமுனையில் லைன் சரியில்லைப்போலும். அந்தச் சத்தம் ஓய்வதற்குள் கதவடியில் ஜொனதன் இல்லை.